ராணுவ ஏல டிரெய்லரைப் பொலிரோவில் இழுக்கலாமா?

கானாடுகாத்தான் பக்கம் பழைய வீட்டுச் சாமான் வியாபாரம் செய்யும் ஒருவர் கேட்டிருக்கிறார். ராணுவ ஏலத்தில் போன, ஒரு டன் சரக்கு சுமக்கும் டிரெய்லர், இரண்டாம் கையாக அவரிடம் வந்திருக்கிறது. எடைமேடையில் வெறும் வண்டியே 1,120 கிலோ காட்டியதாம். முன்னால் இருக்கும் இரும்பு வளையம் தரையிலிருந்து 82 சென்டிமீட்டர் உயரம். அதை வெட்டி எடுத்துவிட்டு, பால் ஹிட்ச்சில் (இழுக்கும் வண்டியின் பின்னால் இருக்கும் உருண்டைக் கொக்கி) உட்காரும் கிண்ணத்தை வெல்டிங் வைத்துத் தர ஒரு பட்டறைக்காரர் ஒப்புக்கொண்டிருக்கிறார். தூண், நிலை, கதவு, ஆத்தங்குடிக் கல் எல்லாம் ஏற்றி, தன் பொலிரோவில் இழுக்கலாமா, பச்சைப் பெயின்ட்டை அப்படியே விட்டுவிடலாமா என்கிறார். கொக்கியைப் பற்றிய கேள்வி போலத்தான் இருக்கிறது. ஆனால் கொக்கி இதில் கடைசி வேலை. இரண்டு டன்னுக்கு மேல் போகும் ஒரு பாரத்தை 1,600 கிலோவை ஒட்டிய ஒரு வண்டியால் நிறுத்த முடியுமா என்பதுதான் இங்கே உண்மையான கேள்வி. இழுக்க முடியுமா என்றால் முடியும். பொலிரோவின் டீசல் இன்ஜின் முதல் கியரில் இதைவிட அதிகமாகவே இழுக்கும். அதில்தான் ஏமாந்துபோகிறோம்.

நான் ராணுவத்தில் ஈ.எம்.ஈ. பிரிவில் வாகனப் பழுது வேலை பார்த்தவன். ஓய்வுக்குப் பிறகு காரைக்குடியில் பட்டறை வைத்திருக்கிறேன். இந்த மாதிரி டிரெய்லர்களை அங்கேயும் கழற்றியிருக்கிறேன், இங்கேயும் கழற்றியிருக்கிறேன். படத்தைப் பார்த்துச் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். சட்டத்தில் வெடிப்பு உண்டா, ஆக்சில் வளைந்திருக்கிறதா என்பதெல்லாம் வண்டியின் அடியில் படுத்துப் பார்த்தால்தான் தெரியும். ஆகவே கணக்காகச் சொல்லக்கூடியதைக் கணக்காகவும், ஆளுக்கு ஆள் மாறுபடும் விஷயத்தை அப்படியே மாறுபாட்டோடும் சொல்கிறேன்.

முதலில், இந்த டிரெய்லர் ஏன் இவ்வளவு கனம்? இதை இழுக்க வேண்டியது பல டன் எடையுள்ள லாரி, அதுவும் சாலையே இல்லாத இடத்தில். பள்ளத்தில் லாரி ஒரு பக்கமும் டிரெய்லர் மறுபக்கமும் சாய்ந்தாலும் கழன்றுவிடாமல் இருக்கத்தான் வளையமும் வாய் மூடும் கொக்கியும். பிரேக்குக்குக் காற்று லாரியிலிருந்து வரும். விளக்கு 24 வோல்ட். அந்த ஜோடியில் பின்னால் வருவது முன்னால் போவதில் பாதிகூட இருக்காது. உங்கள் ஜோடியில் பாரம் ஏற்றிய டிரெய்லர் வண்டியைவிடக் கனம். இதே இரும்பு, இதே சக்கரம்தான். ஆனால் ஜோடி மாறியதும் எல்லாக் கணக்கும் தலைகீழாகிறது.

பிரேக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பொலிரோவும் ஓட்டுநரும் கூட ஒரு ஆளும் சேர்ந்து 1,800 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த தார்ச் சாலையில், 60 கிலோமீட்டர் வேகத்தில், நல்ல அழுத்தமான பிரேக்கில் வண்டி மட்டும் நிற்க ஏறத்தாழ 24 மீட்டர் போதும். பிரேக்கே இல்லாத 2,120 கிலோ டிரெய்லர் பின்னால் இருந்தால், அதே டயர்கள், அதே பிரேக் 3,920 கிலோவை நிறுத்த வேண்டும். தூரம் 51 மீட்டருக்கு மேல் போய்விடும். மிதிக்க வேண்டும் என்று மூளைக்கு உறைப்பதற்குள் ஓடும் தூரம் இதில் சேரவில்லை. டிரெய்லர் நேராகத் தள்ளும் என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு இது. வளைவில் மிதித்தால் அது பின்பக்கத்தைக் குறுக்கே தள்ளும். பொலிரோ மடங்கி நிற்கும். நம் ஊர்ச் சாலை சமதளம், மலைப்பாதையா என்ன என்று கேட்கலாம். சமதளம் என்பதால் டிரம் சூடேறிப் பிரேக் மங்காது, அவ்வளவுதான். தை மாதம் குன்றக்குடி வழியாகப் பழனிக்கு நடப்பவர்கள் சாலையோரம் முழுக்க இருப்பார்கள். அப்போது 24 மீட்டருக்கும் 51 மீட்டருக்கும் நடுவில் யார் இருப்பார்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இந்த இடத்தில் எல்லோரும் கேட்பது, டிராக்டர் டிப்பருக்குப் பிரேக்கா இருக்கிறது, புதுவயல் ரைஸ்மில்லுக்கு நெல் ஏற்றிக்கொண்டு ஓடவில்லையா என்பது. ஓடுகிறதுதான். ஆனால் அது ஓடும் வேகம் 20, 25. வேகம் பாதியானால் நிற்கும் தூரம் கால்வாசியாகிவிடும். அந்தச் சலுகையில்தான் அவை தப்பித்துக்கொண்டிருக்கின்றன, அதுவும் எப்போதும் இல்லை. பொலிரோவை 25-இல் ஓட்டுவேன் என்று யாராவது சொன்னால், இரண்டு நாள் ஓட்டுவார், மூன்றாம் நாள் 60-இல் போவார். வண்டி அப்படி.

ஆகவே பிரேக் இல்லாமல் இதை எந்தச் சூழ்நிலையிலும் பொலிரோவில் மாட்டாதீர்கள். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஐரோப்பாவில் பிரேக் இல்லாத டிரெய்லருக்கு மொத்த எடை வரம்பு 750 கிலோ. நம் நாட்டு வகைப்பாட்டிலும் டிரெய்லரின் முதல் பிரிவு 750 கிலோவோடு முடிகிறது. உங்களுடையது காலியாகவே அதைத் தாண்டிவிட்டது.

சரி, பிரேக் எப்படிக் கொடுப்பது? டிரெய்லரில் இருக்கும் காற்றுக் குழாயைப் பொலிரோவில் மாட்ட இடமில்லை. அதில் கம்ப்ரசர் கிடையாது. சிலர் சின்னக் கம்ப்ரசரும் டேங்கும் பின்னால் வைத்து வால்வு கட்டித் தருகிறேன் என்பார்கள். காற்று வரும். ஆனால் முன்வண்டி எவ்வளவு மிதிக்கிறதோ அந்த அளவுக்குப் பின்வண்டியும் பிடிக்க வேண்டும். அந்தப் பொருத்தத்தைக் கைவேலையில் கொண்டுவருவது பெரும்பாடு. இன்னும் சிலர் பொலிரோவின் பிரேக் லைனிலேயே ஒரு டி (T) இணைப்பு போட்டுப் பின்னால் குழாய் இழுத்துவிடுவார்கள். அதை மட்டும் செய்ய விடாதீர்கள். உங்கள் மாஸ்டர் சிலிண்டர் நான்கு சக்கரத்துக்கு எண்ணெய் தள்ளுவதற்காக அளவெடுத்துச் செய்தது. கூடுதலாக இரண்டு பெரிய சிலிண்டரைச் சேர்த்தால் பெடல் தரையைத் தொடும். குழாய் எங்காவது உரசிக் கிழிந்தால், டிரெய்லருக்கும் பிரேக் போய், பொலிரோவின் அந்த லைனும் போய்விடும். வெளிநாட்டில் அதிகம் புழங்கும் மின்சாரப் பிரேக் நல்ல வழிதான். டேஷ்போர்டில் கன்ட்ரோலர், டிரம்முக்குள் மின்காந்தம். ஆனால் நம் பக்கம் அதற்கு உதிரிபாகம் தேடி அலைய வேண்டும்.

நம்மால் ஆகக்கூடியது, தள்ளலில் வேலை செய்யும் ஓவர்ரன் பிரேக். முன்வண்டி வேகம் குறைந்ததும் டிரெய்லர் அதை முன்னே தள்ளும் அல்லவா, அந்தத் தள்ளலையே பிரேக்காக மாற்றுகிற ஏற்பாடு. கப்ளிங்குக்கு, அதாவது கொக்கியில் மாட்டும் இணைப்புக்குப் பின்னால் ஒரு தண்டு குழாய்க்குள் சறுக்கும், உள்ளே போகும்போது ஒரு சின்ன மாஸ்டர் சிலிண்டரையோ கம்பியையோ அழுத்தும், டிரம் பிடிக்கும். எவ்வளவு தள்ளலோ அவ்வளவு பிடி. நடுவில் அதிர்வை அடக்கும் ஒரு டாம்பர் இருப்பது மிக முக்கியம். அது இல்லாமல் பட்டறையில் செய்தால், ஒவ்வொரு கியர் மாற்றத்துக்கும் டக் டக் என்று அடிக்கும், லைனர் சும்மாவே தேயும். ரிவர்ஸ் எடுக்கும்போதும் அதே தள்ளல் வந்து பிரேக் பிடித்துக்கொள்ளும்; ஆகவே அதைப் பூட்டிவைக்க ஒரு லீவர் வேண்டும், அல்லது பின்னோக்கிச் சுழலும்போது தானே விட்டுக்கொடுக்கும் ஷூ வேண்டும். இந்தக் கப்ளிங்கைப் பட்டறையில் அடித்துச் செய்யாமல், எத்தனை கிலோவிலிருந்து எத்தனை கிலோ வரை என்று தகட்டில் பொறித்து வருவதாகப் பார்த்து வாங்குங்கள். கனமான டிரெய்லருக்குச் செய்ததை லேசானதில் மாட்டினால் பிடிக்காது. லேசானதற்குச் செய்ததைக் கனமானதில் மாட்டினால் முன்கூட்டியே உள்ளே போய் முட்டி நின்றுவிடும்.

அடுத்து, டிரம்முக்குப் பின்னால் குனிந்து பாருங்கள். உருண்டையான பிரேக் சேம்பரும், அதிலிருந்து ஒரு கையும் தண்டும் டிரம்முக்குள் போகிறதா? அது லாரியில் இருப்பது போன்ற முழுக் காற்றுப் பிரேக். அதற்குத் தேவையான விசையை ஓவர்ரன் கப்ளிங்கால் கொடுப்பது கஷ்டம். ஆக்சிலையே மாற்றிவிடுவது நல்லது. அப்படியில்லாமல், டிரம் தட்டின் பின்னால் மெல்லிய எண்ணெய்க் குழாய் நுழைகிறது, காற்று எங்கோ நடுவில் ஒரு சிலிண்டரைத் தள்ளுகிறது என்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம். டிரம், ஷூ, வீல் சிலிண்டர் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு, காற்றுப் பகுதியை மட்டும் கழற்றி அந்த இடத்தில் ஓவர்ரன் மாஸ்டர் சிலிண்டரைச் சேர்க்கலாம். டிப்போவில் பல வருடம் நின்ற வண்டி என்றால் வீல் சிலிண்டர் ரப்பரெல்லாம் மாற்ற வேண்டியிருக்கும். இதோடு, டிரெய்லர் கழன்று போனால் ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிடும் ஒரு கம்பி, அப்புறம் டிராபாருக்கு (டிரெய்லரின் முன்னால் நீளும் இழுசட்டம்) கீழே குறுக்காகக் கட்டிய இரண்டு சங்கிலி. சங்கிலியைப் பொலிரோவின் சேசிஸில் மாட்டுங்கள், கொக்கியில் அல்ல.

பாரத்தை எங்கே வைப்பது என்பதை மாட்டுவண்டி ஓட்டிய ஊருக்கு நான் சொல்லத் தேவையில்லை. முன்பாரம் அதிகமானால் மாட்டின் கழுத்து அமுங்கும், பின்பாரம் அதிகமானால் நுகம் தூக்கும். இங்கேயும் அதேதான், மாட்டுக்குப் பதில் பொலிரோவின் பின்பக்கம். எவ்வளவு முன்பாரம், அதாவது கொக்கியை அமுக்கும் எடை, சரி என்பதில்தான் ஊருக்கு ஊர் கருத்து வேறு. அமெரிக்காவில் டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் என்பார்கள். ஐரோப்பாவில் 7-ஐத் தாண்டாதே என்பார்கள். அங்கே கொக்கியில் அனுமதிக்கும் பாரமும் குறைவு, டிரெய்லரோடு போகும் வேகமும் குறைவு. நமக்கு நான் 6, 7 சதவீதத்தைச் சொல்வேன். 1,500 கிலோவுக்கு 100 கிலோ போல. அந்த 100 கிலோ பின் ஆக்சிலில் 100-ஆக இறங்காது என்பதையும் பாருங்கள். பொலிரோவின் வீல்பேஸ், அதாவது முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் இடைத்தூரம், 2.68 மீட்டர். கொக்கி பின் ஆக்சிலுக்கு ஒரு மீட்டர் பின்னால் இருந்தால், பின் ஆக்சிலில் 137 கிலோ ஏறும், முன் ஆக்சிலிலிருந்து 37 கிலோ குறையும். முன்சக்கரம் லேசானால் ஸ்டியரிங் பிடிப்பும் குறையும்.

மாறாக, முன்பாரம் போதாமல் பின்பாரமானால் டிரெய்லர் நெளிய ஆரம்பிக்கும். முதலில் மெல்ல வாலை ஆட்டும், அப்புறம் பொலிரோவையும் சேர்த்து ஆட்டும். அந்த நேரத்தில் ஆக்சிலேட்டரைக் கொடுத்து நேராக்கப் பார்ப்பதும், ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் ஒடித்து ஒடித்துத் திருப்புவதும் ஆபத்து. காலை எடுத்துவிட்டு, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, வேகம் தானாக இறங்க விடுங்கள். உங்கள் தொழிலில் இது மற்றவர்களைவிட எளிதாக நடக்கும், ஏனென்றால் நீங்கள் ஏற்றுவது நீளச் சாமான். 12 அடித் தூணை 8 அடிப் பெட்டியில் போட்டு, பின்கதவைத் திறந்து வெளியே நீட்டிவிட்டால், பாரத்தின் நடுப்புள்ளி ஆக்சிலுக்குப் பின்னால் போய்விடும். தூண் நீட்டத்தான் வேண்டும் என்றால் முன்பக்கம் டிராபாருக்கு மேலே நீட்டுங்கள். அதற்குப் பொலிரோ திரும்பும்போது இடிக்காத அளவு டிராபார் நீளம் வேண்டும். முன்பாரத்தை அளக்கப் பெரிய கருவி தேவையில்லை. எடைமேடையில் பொலிரோவை மட்டும் நிறுத்தி எடை பாருங்கள். டிரெய்லரை மாட்டி, அதன் சக்கரம் மேடைக்கு வெளியே இருக்கும்படி மறுபடி பாருங்கள். வித்தியாசம்தான் முன்பாரம். எடைமேடை 5, 10 கிலோ படியில்தான் காட்டும் என்பதை மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

இப்போது அந்த 82 சென்டிமீட்டர். பொலிரோவில் சேசிஸோடு சேர்த்துக் கட்டிய பால் ஹிட்ச் 48 சென்டிமீட்டர் உயரத்தில் வரும் என்று வைத்தால், 34 சென்டிமீட்டர் வித்தியாசம். பட்டறைக்காரர் சொன்னபடி கிண்ணத்தை மட்டும் மாற்றினால் டிரெய்லர் மூக்கைக் குத்திக்கொண்டு நிற்கும். ஆக்சிலிலிருந்து கொக்கி வரை 2.8 மீட்டர் என்றால் ஏறத்தாழ 7 டிகிரி சாய்வு. பாரத்தின் நடுப்புள்ளி ஆக்சிலுக்கு 70 சென்டிமீட்டர் மேலே இருந்தால், அந்தச் சாய்வே அதை எட்டரை சென்டிமீட்டர் முன்னே தள்ளும். 2,100 கிலோவில் அது 60 கிலோவுக்கு மேல் கூடுதல் முன்பாரம். பொலிரோ பக்கம் கொக்கியை உயர்த்திக் கட்டுவதும் நல்லதல்ல, நெம்புகோல் நீண்டு சேசிஸைத் திருகும். டிரெய்லரைத்தான் இறக்க வேண்டும். ஸ்பிரிங் பட்டையின் கீழே இருக்கும் ஆக்சிலைப் பட்டைக்கு மேலே மாற்றினால், பட்டைக் கட்டின் தடிமனும் ஆக்சிலின் தடிமனும் சேர்ந்த அளவு பெட்டி இறங்கும். 12, 15 சென்டிமீட்டர் கிடைக்கலாம். 9.00-16 டயரை எடுத்துவிட்டு 7.50-16 போட்டால் இன்னும் 4 சென்டிமீட்டர். பொலிரோவின் 215/75 ஆர்15 டயரையே போட்டால் 9 வரை இறங்கும், ஸ்டெப்னியும் ஒன்றாகிவிடும். அது காரியமான விஷயம். ஆனால் பக்கச்சுவரில் எடைக் குறியீடு 100 என்று இருந்தால் ஒரு டயர் தாங்குவது 800 கிலோதான், இரண்டுக்கு 1,600. மிச்ச உயரத்தை டிராபாரில் படி வைத்து இறக்கிக்கொள்ளலாம். பெட்டி தரைக்கு இணையாக நிற்க வேண்டும், அதுதான் அளவு.

அந்தப் படி வைப்பது வெல்டிங் பட்டறை வேலைதான் என்றாலும், அதில்தான் உயிர் தொங்குகிறது. வளையத்தை வெட்ட வேண்டாம். பெரும்பாலும் அது போல்ட் போட்டுத்தான் இருக்கும். கழற்றி எடுத்து வையுங்கள், பின்னால் விற்கும்போது விலை பேசும். அடித்து உருவாக்கிய அந்த இரும்பில் வெல்டிங் வைக்கக் கூடாது. பட்டையிலும் கூடாது, பக்கத்திலேயே வெடிக்கும். டிராபாரில் வைக்கும் வெல்டிங்குக்குச் சாதாரண 6013 ராடு எடுக்காமல், காயவைத்த 7018 கேளுங்கள். முடிந்த இடமெல்லாம் தகடு வைத்து, தலையில் 8.8 பொறித்த போல்ட்டும் நைலாக் நட்டும். பொலிரோ பக்கம், பம்பரில் மாட்டி விற்கும் அழகு ஹூக் எதுவும் ஆகாது. சேசிஸின் இரண்டு நீள இரும்பிலும் பக்கவாட்டில் பிடிக்கும் கிராஸ் மெம்பர் வேண்டும். பொலிரோவுக்கு ஏணிச் சேசிஸ் இருப்பதால் இது முடிகிறது. அது இல்லாத இப்போதைய எஸ்யூவிகள் பலவற்றில் இந்த எடையை நினைக்கவே வேண்டாம்.

சக்கரத்தைக் கழற்றும் முன் ஒன்றை மட்டும் கவனியுங்கள். ராணுவ ரிம் சில, இரண்டு பாதிகளை நட்டு போட்டுச் சேர்த்தது. டிரம்மில் மாட்டும் நட்டு ஒரு வட்டம், பாதிகளைச் சேர்க்கும் நட்டு இன்னொரு வட்டம். பிரிட்டிஷ் வழக்கத்தில் இரண்டாம் வட்டத்துக்குச் சிவப்பு அடித்திருப்பார்கள். நம் கைக்கு வரும்போது அதன் மேல் பச்சை ஏறியிருக்கும். காற்று இருக்கும்போது அந்த நட்டைத் தளர்த்தினால் ரிம் பிளந்து பறக்கும், ஆள் பிழைப்பதே அரிது. வால்வு ஊசியையே கழற்றிக் காற்று முழுக்க இறங்கிய பிறகு தொடுங்கள். இடப்பக்கம் நட்டு கழலவில்லை என்று நீளக் குழாய் போட்டு நெம்பும் முன், போல்ட் நுனியில் 'எல்' எழுத்து இருக்கிறதா பாருங்கள். சில பழைய ராணுவ வண்டிகளில் இடப்பக்கம் எதிர்மரை. டயர் பட்டன் புதுசாக இருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். பக்கச்சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 1409 என்றால் 2009-ஆம் ஆண்டின் 14-ஆம் வாரம் செய்தது. பேரிங்கைக் கழற்றிப் பழைய கிரீஸை மண்ணெண்ணெயில் கழுவி, உருளையில் புள்ளி விழுந்திருந்தால் மாற்றிவிடுங்கள். விளக்கெல்லாம் 12 வோல்ட் எல்.இ.டி. போட்டு, எர்த்துக்குத் தனி ஒயர் இழுங்கள். கொக்கி வழியாக எர்த் வரும் என்று விட்டால் மின்னி மின்னி அணையும். பட்டை முழுப் பாரத்துக்குச் செய்தது என்பதால் காலியாகப் போகும்போது குதிக்கும். கீழேயிருந்து ஒன்றிரண்டு குட்டைப் பட்டையை எடுக்கலாம், மேல் இரண்டைத் தொடக் கூடாது.

எடையைக் குறைக்க முடியாதா? குறைக்கலாம், ஆனால் நினைக்கிற அளவு குறையாது. 3 மில்லிமீட்டர் இரும்புத் தகடு ஒரு சதுர மீட்டர் 23.5 கிலோ. 2.4-க்கு 1.8 மீட்டர் தரைத் தகட்டை எடுத்தால் 100 கிலோ போகும். அங்கே 18 மில்லிமீட்டர் பிளைவுட் போட்டால் 50 திரும்ப வரும். பக்கத் தகடு, படுதாக் கம்பி, ஸ்டெப்னி தாங்கி, கருவிப் பெட்டி, பெரிய டயர் என்று எல்லாம் போனாலும் 950 கிலோவுக்குக் கீழே கொண்டுவருவது கஷ்டம் என்பது என் கணிப்பு; எடைமேடை சொல்வதுதான் முடிவு. மொத்தம் 1,500-ஐத் தாண்டக் கூடாது என்று வைப்போம், அதாவது பொலிரோவின் காலி எடைக்குக் கீழே. பிரிட்டனில் கேரவன் இழுக்கப் பழகுகிறவர்களுக்கு 85 சதவீதம் என்று சொல்வார்கள். அது சட்டமல்ல, அறிவுரைதான், ஆனால் அதன்படி 1,360-தான். நான் தாராளமாகவே வைத்திருக்கிறேன். அப்படியும் சரக்குக்கு மிஞ்சுவது 550 கிலோ.

550 கிலோவுக்கு என்ன வரும்? ஒரு அடி விட்டம், 10 அடி நீளமுள்ள பர்மாத் தேக்குத் தூண் ஏறத்தாழ 140 கிலோ. மூன்று ஏற்றலாம், நாலாவது ஏற்றினால் கணக்கு கொஞ்சம் தாண்டிவிடும். அதே அளவு கல்தூண் என்றால் ஒன்றே 570-ஐத் தாண்டும், அதை ஏற்றவே கூடாது. ஆத்தங்குடிக் கல் 20 மில்லிமீட்டர் தடிமனில் சதுர அடிக்கு 4 கிலோ சுமாருக்கு வரும். 130 சதுர அடி, ஒரு சின்ன அறைக்குக் காணும். இப்போது யோசியுங்கள். ஆக்சில் வேலை, கப்ளிங், டயர், வெல்டிங், விளக்கு எல்லாம் செய்து முடித்தும், இது சுமப்பது ஒரு குட்டி யானை சுமப்பதைவிடக் குறைவு. டாட்டா ஏஸ் 750 கிலோ ஏற்றும், நான்கு சக்கரத்திலும் பிரேக்கோடு வரும், ரிவர்ஸில் மடங்காது. மாதம் ஒன்றிரண்டு நடை என்றால் வாடகைக்குக் குட்டி யானையோ பிக்கப்போ எடுப்பதுதான் புத்திசாலித்தனம். தினமும் நடை உண்டு, டிரெய்லரை இறக்கிவிட்டுப் பொலிரோவைத் தனியாக ஓட்ட வேண்டும் என்றால் மட்டும் இந்தச் செலவுக்கு அர்த்தம் உண்டு. இரண்டும் இல்லையென்றால் ராணுவ டிரெய்லரைத் தோட்டத்துக்குள் டிராக்டரில் மாட்டித் தண்ணீர் டேங்குக்கோ ஜெனரேட்டருக்கோ வைத்துக்கொள்ளுங்கள். அந்த வேகத்தில், அந்த உழைப்புக்கு, இதைவிடக் கெட்டியான வண்டி உங்களுக்குக் கிடைக்காது.

சாலையில்தான் ஓட்டுவேன் என்றால் காகித வேலை பட்டறை வேலைக்குக் குறைந்ததல்ல. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தில் டிரெய்லரும் மோட்டார் வாகனம்தான், அதற்குத் தனிப் பதிவு வேண்டும். ராணுவத்தில் இருந்தவரை அதற்கு 60-ஆம் பிரிவின் கீழ் தனிப் பதிவு. படை வேலையிலிருந்து விலகிய கணத்தில் சாதாரண வண்டிக்கு உள்ள 39, 40-ஆம் பிரிவுகள் வந்துவிடும், அதாவது உங்கள் பகுதி ஆர்.டி.ஓ.விடம் புதிதாகப் பதிய வேண்டும். ஏல விற்பனைக் கடிதம் முதல் ஆளிலிருந்து உங்கள் வரை ஒரு கண்ணி விடாமல் கையில் இருக்க வேண்டும். இரண்டாம் கையாக வாங்கியவர்களுக்குப் பெரும்பாலும் இங்கேதான் இடிக்கும். 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொன்னது. ஆகவே ஆக்சிலும் பிரேக்கும் மாற்றுவதற்கு முன்பே, வரைபடத்தோடு போய் மோட்டார் வாகன ஆய்வாளரைப் பாருங்கள். அவர் முடியாது என்றால் வேலையைத் தொடங்காதீர்கள். செய்துவிட்டுப் போய்க் கேட்டால் பணமும் போகும், டிரெய்லரும் முடங்கும். டிரெய்லரின் எண் இழுக்கும் வண்டியின் பக்கத்திலும் தெரிய வேண்டும் என்று 61-ஆம் பிரிவில் இருக்கிறது. இன்சூரன்ஸில் டிரெய்லரையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். வெள்ளை போர்டு வண்டியில் வியாபாரச் சரக்கு ஏற்றினால் அது வேறு வழக்கு.

பெயின்ட் விஷயத்துக்குப் பதில் நேரானது. மத்திய மோட்டார் வாகன விதி 121-இன்படி, பாதுகாப்புத் துறை வண்டிகளைத் தவிர வேறு எதற்கும் ஆலிவ் பச்சை அடிக்கக் கூடாது. மேல்நோக்கிய அம்புக்குறி போட்ட பழைய நம்பர் தகடு ஒட்டியிருந்தால் அதையும் கழற்றிவிடுங்கள். வெல்டிங் வைக்கும் இடத்தில் எப்படியும் பழைய பூச்சைச் சுரண்டித்தான் ஆக வேண்டும். அதை நெருப்பில் எரிக்காமல் கம்பி பிரஷ் போட்டு எடுக்கச் சொல்லுங்கள், வெறும் துணி கட்டாமல், தூசி தடுக்கும் மாஸ்க் போட்டுக்கொண்டு. அந்தக் காலத்து அடிப்பூச்சில் ஈயம் இருக்கலாம். ரெட் ஆக்ஸைடு ஒரு கை அடித்துவிட்டு மேலே சாம்பலோ நீலமோ எது வேண்டுமானாலும் அடித்துக்கொள்ளலாம்.